கடனும் கடமையும்
மாணவச் செல்வங்களுக்கும் பெற்றோருக்கும் சில வார்த்தைகள்



கணக்குப் பார்ப்பது எமது தொழில். ஆனபடியால் ஆலய மண்டபத்திலோ லா சப்பல் கடைத்தெருவிலோ எம்மைக் காண்பவர்கள், சுகம் விசாரித்த கையோடு ஒரு கடிதத்தை எடுத்து நீட்டுவது வழக்கம். வரிக் கடிதம், காஃப் கடிதம், வங்கிக் கடிதம் என்று அது எதுவாகவும் இருக்கும். முன்பெல்லாம் அக்கடிதங்களைத் தகப்பன்மார் கொண்டு வந்தார்கள். இப்போது பல்கலைக்கழகத்திற் படிக்கும் பிள்ளைகள் கொண்டு வருகிறார்கள். அதுவும் வீட்டுக்குத் தெரியாமல் வருகிறார்கள். இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அதுதான்.

அப்படி வந்த ஒரு பிள்ளையின் கதையை முதலிற் சொல்லிவிடுகிறோம். அடையாளம் தெரியாதிருக்கச் சில விபரங்களை மாற்றியிருக்கிறோம்.

சார்செலில் ஒரு குடும்பம். தகப்பன் பல வருடங்கள் ரெஸ்ரோரண்டில் கோப்பை கழுவி, பின்னர் சமையலுக்கு உயர்ந்தவர். சொந்தமாக ஒரு பலசரக்குக் கடை போடவேண்டும் என்பது அவரது நெடுநாள் ஆசை. ஆனால் முன்னொரு முயற்சியிற் காசோலைகள் திரும்பி, அவர் பெயரில் வங்கித் தடை இருந்தது. எனவே மகனின் பெயரில் நிறுவனத்தைப் பதிவது என்று தீர்மானித்தார்கள். பையனுக்கு அப்போது பத்தொன்பது வயது. வில்தனூஸ் பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டு. ஒரு ஞாயிறு மாலை, பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தவனை அறையிலிருந்து கூப்பிட்டார்கள். அவன் வந்து, "எங்கே அப்பா?" என்று கேட்டு, காட்டிய நான்கு இடங்களிலும் கையொப்பமிட்டுவிட்டுத் திரும்பப் படிக்கப் போனான். சில நாட்களின் பின் வங்கிக்குப் போய், நிறுவனம் பெற்ற கடனுக்குத் தனிப்பட்ட பிணையாளியாகவும் ஒப்பமிட்டான்.

கடை இருபது மாதம் நடந்தது. பின்னர் நீதிமன்றத்தின் மூலம் மூடப்பட்டது. வங்கி பிணையாளியைத் தேடியது. 22,000 யூரோ. பையன் ஒருவருக்கும் சொல்லவில்லை. காலையில் புத்தகப் பையோடு வீட்டை விட்டுப் புறப்படுவான். தாய் அவன் வகுப்புக்குப் போகிறான் என்றே நினைத்திருந்தார். அவனோ றுவாசி விமான நிலையப் பொதிச் சாலையொன்றில் வேலை செய்துகொண்டிருந்தான். எம்மிடம் வந்தபோது ஒரு கடைப் பையில் முப்பத்தொரு கடிதங்களைக் கொண்டுவந்தான். ஒன்றுகூடத் திறக்கப்படவில்லை.

இதில் எமக்கும் பங்குண்டு. அந்த ஞாயிறு மாலை அந்தப் படிவங்களை நிரப்பிக் கொடுத்தவர்கள் நாமே. கையொப்பமிட வேண்டிய இடங்களை விரல் வைத்துக் காட்டியவர்களும் நாமே. "தம்பி, இதன் அர்த்தம் தெரியுமா?" என்று நாம் கேட்கவில்லை. குடும்ப விடயத்தில் நாம் ஏன் தலையிடவேண்டும் என்று எண்ணி, தாயார் தந்த தேநீரைக் குடித்துவிட்டு வந்துவிட்டோம். ஆகவே இக்கட்டுரையை மற்றவருக்குப் புத்தி சொல்லும் கட்டுரையாக வாசகர்கள் எடுக்கவேண்டாம்.

அந்தப் பையன் எம்மிடம் கேட்ட கேள்வி இதுதான்: "மாமா, அப்பா எனக்காக எவ்வளவு கஷ்டப்பட்டார். நான் எப்படி மாட்டேன் என்று சொல்லுவது? அது என்ரை கடன்தானே?"

இதற்கு என்ன பதில் சொல்வது?

தமிழில் கடன் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். திருப்பிக் கொடுக்கவேண்டிய காசும் கடன், செய்யவேண்டிய கடமையும் கடன். அப்பர் சுவாமிகள் இச்சொல்லைக் கடமை என்ற பொருளிற் பாடியிருக்கிறார். காலைக்கடன், இறுதிக்கடன் என்று இன்றும் பேச்சில் வழங்குகிறோம். சொல் ஒன்றாயிருப்பதில் அழகு உண்டு, ஆபத்தும் உண்டு. பெற்றோருக்குச் செய்யவேண்டிய கடமையையும், வங்கிக்குக் கட்டவேண்டிய காசையும் அந்தப் பையன் ஒரே சொல்லிற் போட்டுக் குழப்பிவிட்டான். அவன் மட்டுமல்ல, நாமெல்லோரும் அப்படித்தான் குழப்புகிறோம்.

இதற்கு வரலாற்றுக் காரணமும் இருக்கிறது. 1707ஆம் ஆண்டு, ஒல்லாந்தர் ஆட்சிக் காலத்தில், யாழ்ப்பாணத்துத் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் எமது ஊர் வழமைகளைத் தொகுத்து எழுதினார். பன்னிரண்டு முதலியார்கள் அதைப் பார்வையிட்டு ஒப்புக்கொண்டனர். அதுவே தேசவழமை. 1806இல் ஆங்கிலேயரும் அதைச் சட்டமாக ஏற்றனர். அதன்படி, கலியாணம் செய்யாத ஆண்பிள்ளை உழைத்தது தாய் தகப்பனின் பொதுச் சொத்தையே சேரும். பெற்றோர் வைத்துவிட்டுப் போகும் கடனுக்கு ஆண்பிள்ளைகளே பொறுப்பு; முதுசம் கிடைக்காவிட்டாலும் பொறுப்பு.

எமது வீடுகளில் ஒருவரும் தேசவழமையைப் படித்தவர்கள் அல்லர். ஆனால் அதன்படியே நடக்கிறோம். பிள்ளை பகுதிநேர வேலை செய்தால் அந்தக் காசு வீட்டிற்கு. தங்கையின் சாமத்திய வீட்டிற்கு மண்டபமும் வீடியோவும் பிடிக்கப் பிள்ளையின் பெயரிற் கடன். சீட்டுக்கு ஆள் குறைந்தால் பிள்ளையின் பெயரும் ஒன்று.

ஆனால் ஒன்றை மறந்துவிட்டோம். அந்த வழமை நிலத்தின் மேல் நின்ற வழமை. பொதுச் சொத்து என்று வளவும் வயலும் இருந்தன. யாருக்கு எவ்வளவு கடன், எந்தக் காணி ஒற்றியில் இருக்கிறது என்பது ஊருக்கே தெரியும். இங்கே சார்செலின் வாடகை மாடியில் முதுசமாகக் கிடைக்க என்ன இருக்கிறது? சொத்து அங்கே போரிலும் இடப்பெயர்விலும் போய்விட்டது. கடனைப் பொறுக்கும் வழக்கத்தை மட்டும் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்திருக்கிறோம்.

நாம் வாழும் இந்நாட்டின் சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது? பிரெஞ்சுச் சட்டம் குடும்பப் பாசம் அற்ற சட்டம் என்று எம்மவர் சொல்வதுண்டு. அது சரியல்ல. பிள்ளைக்குப் பதினெட்டு வயதானதோடு பெற்றோரின் பொறுப்பு முடிந்துவிடாது என்கிறது குடியியற் சட்டக்கோவை. படித்துக்கொண்டிருக்கும் பிள்ளையைத் தம் சக்திக்கேற்பத் தாங்கவேண்டும். அதேபோல் தாய் தகப்பன் வறுமைப்பட்டால் வளர்ந்த பிள்ளை அவர்களுக்கு உதவியே ஆகவேண்டும். இவை கடமைகள். ஆனால் பெற்றோரின் கடன் பிள்ளையைப் பிடிக்காது. அவர்கள் இறந்தபின் அவர்களது சொத்தையும் கடனையும் சேர்த்தே வேண்டாம் என்று மறுக்கும் உரிமை பிள்ளைக்கு உண்டு. அப்படி மறுத்த பிள்ளையும், தாய் தகப்பனின் இறுதிச் சடங்குச் செலவில் தன்னால் இயன்ற பங்கைக் கொடுக்கவேண்டும் என்கிறது அதே சட்டம். கடனை விடலாம், இறுதிக்கடனை விடமுடியாது என்பதுதானே இதன் கருத்து? எமது சொல் சேர்த்துவைத்த இரண்டையும் இந்நாட்டுச் சட்டம் பிரித்து வைத்திருக்கிறது.

கணக்காளர் என்ற முறையில் எமது எண்ணத்தைச் சொல்கிறோம். ஒரு கணக்கைத் திறந்தால் அதை ஒருநாள் மூடக்கூடியதாக இருக்கவேண்டும். எவ்வளவு, யாருக்கு, எந்தத் திகதிக்குள் என்று எழுதமுடியவேண்டும். தாய் தகப்பன் பட்ட பாட்டை அப்படி எழுதமுடியுமா? கொழும்பில் தவித்த மாதங்களுக்கு எத்தனை யூரோ? பனிக்காலத்தில் முதல் மெற்றோவிற்கு ஓடியதற்கு எத்தனை யூரோ? அதைக் கடன் என்று பிள்ளையின் கணக்கில் எழுதினால், அது எந்நாளும் அடைபடாத கடன். அடைபடாத கடனைச் சுமப்பவன் எந்தக் காகிதத்தை நீட்டினாலும் கையொப்பமிடுவான்.

ஆனால் எமது வீடுகளில் நடப்பது என்ன? "உனக்காக நாங்கள் எவ்வளவு பட்டோம்" என்று அன்புக்கு ஒழுங்காகக் கணக்கு வைக்கிறோம். காசு விடயத்தில் மட்டும், "குடும்பத்துக்குள் என்ன கணக்கு?" என்று ஒன்றையும் எழுதாமல் விட்டுவிடுகிறோம். இது தலைகீழாக இருக்கவேண்டும். அன்புக்குக் கணக்கு வேண்டாம். காசுக்குக் கணக்கு வேண்டும், பெற்ற பிள்ளையோடு என்றாலும்.

"இது வெள்ளைக்காரர் பழக்கம்" என்று சிலர் கோபிக்கலாம். எம்மைப் படிப்பித்தது யார் என்பதை அவர்கள் சற்று நினைத்துப் பார்க்கவேண்டும். நாம் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் வணிகம் படித்தபோது கட்டணம் என்று எமது பெற்றோர் எதுவும் கட்டவில்லை. சி. டபிள்யு. டபிள்யு. கன்னங்கரா அவர்களின் முயற்சியால் 1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி அது. 1981இல் தொடங்கிய மகாபொல நிதியில் எம்மிற் பலர் மாதாமாதம் உதவியும் பெற்றோம். அந்த நாட்டோடு எமக்கிருக்கும் வழக்குகள் வேறு. ஆனால் கல்வி முடிந்து வெளியே வந்தபோது எமது கழுத்தில் ஒரு சதக் கடனும் இருக்கவில்லை. எமது முதற் கடன் பயண முகவருக்குக் கொடுத்தது. அதை அடைக்க எமக்கு ஆறு வருடம் பிடித்தது. அந்த ஆறு வருடமும் பகலிற் கோப்பை கழுவி, இரவில் செயின்ற் மார்ட்டின் வீதியில் உள்ள கினாம் கல்வி நிலையத்தில் பிரெஞ்சுக் கணக்கியல் படித்தோம். கடனோடு படிப்பது எப்படியிருக்கும் என்று எமக்குத் தெரியும். தெரிந்த நாமே இன்னொருவர் பிள்ளைக்கு அதைச் செய்ய உதவினோம் என்பதுதான் வேதனை.

இங்கும் கல்வி பெருஞ்செலவு அல்ல. இங்கிலாந்தில் 2012இல் பல்கலைக்கழகக் கட்டணம் வருடம் 9,000 பவுண் வரை உயர்ந்தது. லண்டனில் உள்ள எமது உறவினரின் பிள்ளைகள் பட்டத்தோடு பெருங் கடனையும் சேர்த்தே பெறுகிறார்கள். பிரான்சில் அரச பல்கலைக்கழகத்தில் இளநிலைப் பட்டத்திற்கு வருடப் பதிவுக் கட்டணம் இருநூறு யூரோவிற்கும் குறைவு. எனவே எமது பிள்ளைகளிற் பலர் படிப்பினாற் கடன்படவில்லை. வாடகையினால், இணையத்திற் சுலபமாகக் கிடைக்கும் கடனினால், குடும்பத்துக்காகப் போட்ட கையொப்பத்தினால் கடன்படுகிறார்கள்.

இனி மாணவர்களுக்குச் சில ஆலோசனைகள்.

முதலாவது, கடிதத்தைத் திறவுங்கள். திறக்காத கடிதத்திற்குள் இருக்கும் தொகை திறந்த கடிதத்தில் உள்ளதைவிட வேகமாக வளரும். ஒரு தாளை எடுத்து யாருக்கு, எவ்வளவு, என்ன வட்டி, எந்தத் திகதி என்று நான்கு நிரல் போட்டு எழுதுங்கள். எழுதிய பின் பயம் பாதியாகக் குறைவதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம்.

இரண்டாவது, உங்களுக்கு உரியதைக் கேட்டுப் பெறுங்கள். குருஸ் வழங்கும் பூர்ஸ் உதவிப்பணம் பெற்றோரின் வருமானத்தையும் பிள்ளைகளின் எண்ணிக்கையையும் வீட்டின் தூரத்தையும் கொண்டு கணிக்கப்படுகிறது. அகதி அந்தஸ்துப் பெற்றவர்களும் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பத்தை இளவேனிற் காலத்தில், அடுத்த கல்வியாண்டிற்கு முன்பாகவே அனுப்பவேண்டும். பூர்ஸ் கிடைத்தவர் பல்கலைக்கழகப் பதிவுக் கட்டணம் கட்டவேண்டியதில்லை. 2020ஆம் ஆண்டு முதல் அவர்களுக்குப் பல்கலைக்கழக உணவகத்தில் ஒரு யூரோவிற்குச் சாப்பாடு உண்டு. தனியாக வாடகைக்கு இருப்பவர் காஃப் வீட்டு உதவியையும் கேட்கலாம். திடீர் நெருக்கடி வந்தால் குருஸில் உள்ள சமூகப் பணியாளரிடம் நேரம் எடுத்துப் போய்க் கதையுங்கள். அவசர உதவித்தொகை வழங்க அங்கே வழியுண்டு. இது பிச்சை அல்ல.

மூன்றாவது, கையொப்பத்தைப் பற்றியது. மற்றவருக்குப் பிணை நிற்பதென்றால், அவர் கட்டாவிட்டால் நீங்கள் கட்டுவீர்கள் என்பதே அதன் பொருள். நிறுவனத்திற்குப் பெயரளவில் ஜெரான் ஆவதென்பது சட்டத்தின் முன் பெயரளவில் அல்ல. கணக்கு, வரி, தொழிலாளர் கட்டணம் எல்லாவற்றுக்கும் உங்களைத்தான் கேட்பார்கள். நுகர்வோர் கடனுக்கு அவசரப்பட்டு ஒப்பமிட்டுவிட்டால், 2010ஆம் ஆண்டின் லகார்ட் சட்டத்தின்படி பதினான்கு நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே விலகலாம்.

நான்காவது, கைவட்டிக் காசு. நூற்றுக்கு மூன்று என்றால் சிறிதாகத் தெரியும். அது மாத வட்டி. 5,000 யூரோ எடுத்தால் மாதம் 150, வருடம் 1,800 யூரோ வட்டி மட்டும். முதல் அப்படியே நிற்கும். வருடத்திற்கு 36 வீதம் என்பது பிரான்ஸ் வங்கி மூன்று மாதத்திற்கொருமுறை அறிவிக்கும் உச்ச எல்லையைத் தாண்டியது. அந்த எல்லைக்கு மேல் வட்டி வாங்குவது இந்நாட்டிற் குற்றம். இதைக் கொடுப்பவர்களும் வாசிக்கட்டும் என்றே எழுதுகிறோம்.

ஐந்தாவது, உண்மையாகவே படிப்புக்குக் கடன் வேண்டுமென்றால் சீரான வழி இருக்கிறது. அரசின் உத்தரவாதத்தோடு சில வங்கிகள் வழங்கும் மாணவர் கடனுக்குப் பெற்றோரின் பிணை தேவையில்லை. 28 வயதிற்குட்பட்ட, பிரெஞ்சு அல்லது ஐரோப்பியக் குடியுரிமை உள்ளவர்களுக்கே அது கிடைக்கும். மாணவ விசாவில் வந்திருப்பவர்கள் வருடத்திற்கு 964 மணித்தியாலம் வரை வேலை செய்யலாம் என்பதை நினைவிற் கொண்டு தம் செலவைத் திட்டமிடவேண்டும்.

ஆறாவது, எல்லாம் கைமீறிப் போய்விட்டால், அதற்கும் கதவு உண்டு. 1989ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் திகதியச் சட்டத்தின் மூலம், தாங்கமுடியாத கடனில் விழுந்தவர்களுக்காகப் பிரான்ஸ் வங்கியில் ஆணைக்குழுக்கள் அமைக்கப்பட்டன. விண்ணப்பிக்கக் கட்டணமில்லை. தவணை நீட்டிக்கப்படலாம், முற்றாக வழியற்றவரின் கடன் நீக்கப்படவும் 2003இலிருந்து இடமுண்டு. சில வருடங்களுக்கு உங்கள் பெயர் ஒரு பதிவேட்டில் இருக்கும், புதிய கடன் கிடைப்பது கடினமாகும். அந்த ஆணைக்குழு கேட்பது முக்கியமாக ஒன்று: கடன்பட்டவர் நல்லெண்ணத்தோடு நடந்தவரா என்பது. உண்மையை மறைப்பவருக்கு அந்தக் கதவு மூடப்படும். ஆகவே அவமானம் என்று மறைப்பது ஒழுக்கப்படியும் பிழை, காரியப்படியும் பிழை.

இனிப் பெற்றோருக்கு. வருமானம் குறைவு, வரி வராது என்று வருமான அறிக்கை கொடுக்காமல் விடாதீர்கள். பிள்ளையின் பூர்ஸ் இரண்டு வருடத்திற்கு முந்திய உங்கள் வரிக் கடிதத்திலேயே தங்கியிருக்கிறது. அது இல்லாமற் போனதனால் உதவியை இழந்த பிள்ளைகளை நாம் கண்டிருக்கிறோம். பிள்ளையிடம் காசு வாங்கினால் எழுதி வாங்குங்கள். 1,500 யூரோவிற்கு மேல் கைமாறினால் எழுத்து இருக்கவேண்டும் என்பது சட்டம். 5,000 யூரோவிற்கு மேற்பட்ட கடனை வரி அலுவலகத்திற்கும் அறிவிக்கவேண்டும். எழுதுவது நம்பிக்கையின்மை அல்ல. பிள்ளையின் காசு பிள்ளையினுடையது என்று நீங்கள் மதிப்பதன் அடையாளம் அது.

பிள்ளைகளே, பெற்றோருக்கு ஒன்றும் செய்யத் தேவையில்லை என்று நாம் சொல்லவில்லை. அவர்களுக்குப் பிரெஞ்சுக் கடிதத்தை வாசித்துச் சொல்லுங்கள். வைத்தியரிடம் கூட்டிப்போங்கள். வீட்டு வாடகைக்கு உங்களால் இயன்றதைக் கொடுங்கள். அவர்கள் தளர்ந்தபோது தாங்குங்கள். இது கடமை. ஆனால் உங்கள் படிப்பை நிறுத்தி, உங்கள் பெயரை அழித்து அவர்களின் கடனைச் சுமப்பது கடமையில் அடங்காது. எந்தத் தாய் தகப்பனும் அதற்காக இவ்வளவு தூரம் வரவில்லை.

அந்தப் பையனின் கதையை முடித்துவிடுகிறோம். முப்பத்தொரு கடிதங்களையும் ஒரு சனிக்கிழமை முழுவதும் இருந்து திறந்தோம். வருமானமே இல்லாத ஒரு மாணவனிடம் அவன் சக்திக்குப் பொருந்தாத பிணையை வாங்கியதைச் சட்டம் கேள்விக்குட்படுத்த இடம் தருகிறது என்று, இலவச ஆலோசனை நிலையத்திற் சந்தித்த வழக்கறிஞர் ஒருவர் சொன்னார். அவர் எழுதிய கடிதத்தின் பின் வங்கி ஏறக்குறையப் பாதித் தொகைக்கு, மாதத் தவணையில் இணங்கியது.

அதைவிடக் கடினமாக இருந்தது தகப்பனிடம் சொல்வதே. அவரது வீட்டில், அதே மேசையில் இருந்து சொன்னோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு எழுந்துபோய் ஒரு கொப்பியும் பேனையும் கொண்டுவந்தார். மாதத் தவணை முழுவதையும் தன் சம்பளத்திற் கட்டுவதாகத் தன் கையால் எழுதி, தானும் ஒப்பமிட்டு மனைவியிடமும் கொடுத்தார். தாய் அதை இரண்டு தரம் வாசித்த பின்பே ஒப்பமிட்டார்.

பையன் இந்த செப்ரெம்பரில் இரண்டாம் ஆண்டைத் திரும்பப் படிக்கத் தொடங்கியிருக்கிறான். இப்போது எம்மிடம் யாராவது பிள்ளையின் பெயரிற் படிவம் நிரப்பக் கேட்டால், முதலிற் பிள்ளையைக் கூப்பிட்டு இருத்தி, ஒவ்வொரு வரியையும் வாசித்துச் சொல்கிறோம். சிலர் கோபித்துக்கொண்டு வேறிடம் போயிருக்கிறார்கள். அதைப் பற்றி எமக்குக் கவலையில்லை.

தமிழ் வாசிக்கத் தெரியாத பிள்ளைகளுக்குப் பெற்றோர் இதை வாசித்துக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறோம். கூச்சமாக இருந்தால், மேசையில் விரித்தபடி விட்டுவிட்டாலும் போதும்.